காதால் கேட்ட பிரளயம்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், உலகம் அழியத் தொடங்கிவிட்டது. ஆகையால் குடிமக்கள் யாவரும் குளித்து, வெளுத்த வேட்டி உடுத்தி, நெற்றியில் அவரவர் வழக்கப்படி இட்டுக்கொண்டு, அழிவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டியது. அழியும் நேரம் பின்னர் அறிவிக்கப்படும்.

முன்னொரு காலத்தில், மலையும் ஆறும் கடலும் அளவோடு வாய்த்திருந்த ஒரு நாட்டின் தலைநகரில், ஜனங்கள் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வேளையில் இந்தப் பறையறிவிப்பு வெளியாயிற்று. நேரம் பின்னர்தான் என்று கேள்விப்பட்டதும் மிச்சக் கஞ்சியையும் குடித்தார்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் வச்சிரகண்ட பூபதி. 'இடியஞ்சாச் சிங்கம்' என்று அவருக்கு ஒரு பட்டம் உண்டு. பட்டம் கொடுத்த புலவர் மழைக்காலத்தில் அரண்மனைப் பக்கம் வந்தவரில்லை. வந்திருந்தால் சிங்கம் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்திருப்பார். கூரை இடிந்து விழுந்தால் என்ன செய்வது என்று கிரீடத்துக்குள் இலவம்பஞ்சு அடைத்திருந்தார் மன்னர். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று கட்டிலை அகற்றிவிட்டு ஒரு படகைப் போட்டிருந்தார். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அந்தப் படகு நிறையத் தண்ணீர்க் குடங்களை அடுக்கச் செய்திருந்தார். குடங்களுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில்தான் சிங்கம் முடங்கிக்கொண்டது.

அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. மலையடிவாரத்தில் ஓர் ஊர் வெள்ளத்தில் போனால், சேதி தலைநகரம் வந்து சேர்வது அடுத்த தேர்த்திருவிழாவுக்கு. சேதி கொண்டுவருகிறவன் வழியில் இரண்டு கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாக வருவான்.

"என்னப்பா, உங்கள் ஊரில் வெள்ளமாமே?" என்று பெரிய ராஜா கேட்பார்.

"ஆமாங்க சாமி, அது போன மழைக்கு. இப்ப வீடெல்லாம் கட்டியாச்சு, கோயிலுக்குப் பொங்கல் வச்சாச்சு. நம்ம மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு சாமி!"

பெரிய ராஜா பிள்ளைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் கொடுத்து அனுப்புவார். அவர் ஆட்சியில் வந்த வெள்ளங்களெல்லாம் இப்படி அரைஞாணாகவே முடிந்தன.

மகன் அப்படிப்பட்டவர் அல்லர். பட்டத்துக்கு வந்த சில வருஷங்களில் அவருக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. "எனக்குத் தெரியாமல் என் நாட்டில் ஓர் ஓலைக்குடிசைகூட எரியக் கூடாது!" என்று சபையில் முழங்கினார். எரியவே கூடாது என்று அவர் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிரதானி திருமலைக்கொழுந்துதான் முதலில் கைதட்டினார். மன்னர் தும்மினாலும் முதலில் கைதட்டுகிறவர் அவர்.

யோசனை இதுதான். ஊருக்கு ஓர் உயரமான பரண். பரண்மேல் ஒரு முரசு. அதற்குத் துயர் முரசு என்று பெயர். வெள்ளம், தீ, புயல், இடி, நிலநடுக்கம் எது வந்தாலும் 'தடதடதட' என்று அடிக்க வேண்டும். சத்தம் கேட்ட அடுத்த ஊர்க்காரன் அதையே திருப்பி அடிக்க வேண்டும். அதைக் கேட்டு அதற்கடுத்த ஊர்க்காரன். இப்படியே நாட்டின் கடைக்கோடித் துயரம் நாழிகைக் கணக்கில் தலைநகரம் வந்துவிடும். அரண்மனை உச்சி மாடத்தில் செவிநாயகம் என்ற புதுப் பதவியில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தடதட கேட்டதும் மாடிப்படியில் உருண்டு வந்து, "துயர், மகாராஜா!" என்பார். எந்த ஊர், என்ன துயர் என்பதைச் சொல்லக் குதிரைக்காரன் பிறகு வருவான். அதற்குள் மன்னருக்குப் பாதி உயிர் போய்விடும்.

முரசடித்த ஊருக்கு ஒரு பட்டுச் சால்வையும் மன்னரின் ஆழ்ந்த அனுதாபமும் அனுப்பப்பட்டன. முதலில் அடித்த ஊர் எது, கேட்டு அடித்த ஊர் எது என்று பிரிக்க வழி தெரியாததால் எல்லா ஊருக்கும் அனுப்பினார்கள். அனுதாபத்தை ஊரார் என்ன செய்தார்களோ தெரியாது. சால்வை நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வைக்கோற்போர் புகைந்தாலும் தடதட. ஆலமரத்தில் ஒரு கிளை முறிந்தாலும் தடதட.

முரசுகள் கட்டி முடித்த அன்று சாயங்காலத்துக்குள் செவிநாயகம் மூன்று தடவை உருண்டு வந்தார். மன்னர் அதிர்ந்துபோனார். "ஒரே நாளில் மூன்றா! என் தகப்பனார் ஆட்சி முழுவதிலும் சேர்த்துக்கூட இத்தனை இல்லையே!" என்றார். ஒரு மழைக்காலம் போவதற்குள் செவிநாயகம் மேலே ஏறிப்போவதையே விட்டுவிட்டுப் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டார். ஜனங்கள் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்ட அந்தப் பறையறிவிப்பும் மன்னர் அப்போது போட்டதுதான்.

இந்தச் சமயத்தில் செம்மணலாற்றில் வெள்ளம் வந்தது. சபை கூடியிருந்தது. மலையூரிலிருந்து முதல் குதிரைக்காரன் வந்தான்.

"வெள்ளம் சாமி! எங்கூர்ப் பாலத்தையே காணோம்!"

மன்னர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவன் நகர்வதற்குள் வாகைமேட்டிலிருந்து ஒருவன் வந்தான். வெள்ளம். உப்பிலிப்பாடியிலிருந்து ஒருவன். வெள்ளம். கொம்படி, நெட்டூர், அதற்குக் கீழே இருக்கிற ஊர்கள் என்று வாசல் நிறைய ஆட்கள். "ஒரே வாரத்தில் ஏழு வெள்ளமா!" என்று மன்னர் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். உடனே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். அவன்தான் உத்தண்டி. அந்தச் சபையின் விகடன். மெலிந்த ஆள், கழுத்து நீளம், எதைக் கேட்டாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு வார்த்தை சொல்வான். பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போதுதான் அந்த வார்த்தை அவர்களுக்குப் புரியும். பிரதானிக்குச் சோறு இறங்காமல் போன இரவுகள் பல.

"அண்ணே," என்றான் உத்தண்டி, வாகைமேட்டுக்காரனிடம். "வெள்ளத்துல என்னென்ன அடிச்சிட்டு வந்துச்சு?"

"அத ஏன் கேக்குறீங்க! ஒரு கூரை அப்படியே முழுசா வந்துச்சு. அதுமேல ஒரு எருமை நின்னுக்கிட்டு இருந்துச்சு. பயப்படவே இல்ல. அசை போட்டுக்கிட்டே போச்சு."

"ஒத்தக் கொம்பா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மலையூர்க்காரரும் வெளியில அதத்தான் சொல்லிட்டு இருந்தாரு." உத்தண்டி அடுத்தவனைப் பார்த்தான். "உப்பிலிப்பாடியில?"

"ஒத்தக் கொம்பு எருமை. கூரைமேல."

"கொம்படி?"

"எருமைங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்க அதைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க."

உத்தண்டி மன்னரைப் பார்த்துக் கைகுவித்தான். "மகாராஜா, ஏழு வெள்ளம் வரவில்லை. ஒரு வெள்ளம் வந்தது. அது ஓர் எருமையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஆறு என்றால் ஓடத்தானே செய்யும்?"

மன்னருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. அது சரிதானே என்று அவர் நினைத்த அந்தக் கணத்தில், தலைப்பாகையில் நட்சத்திரங்கள் தைத்த பெருநிமித்திகர் விண்ணளந்தார் எழுந்தார். சகுனம் பார்ப்பதும் வானத்தைப் படிப்பதும் அவர் வேலை. வானத்தில் ஒன்றும் இல்லாத நாளில் அதையும் ஒரு சகுனமாகப் படித்துவிடுவார்.

"எருமை!" என்றார் அவர், குரல் நடுங்க. "மகாராஜா, எருமை யாருடைய வாகனம்?"

மன்னரின் முகம் வெளுத்தது. "எமனுடைய..."

"ஏழு ஊரில் ஏழு முறை எமன் வந்திருக்கிறான்! தன் வாகனத்தோடு வந்திருக்கிறான்! இந்த மூடன் அதை எண்ணிப் பார்த்துச் சிரிக்கிறான்!"

சபை உறைந்துபோனது. அத்தனை பெரிய மடமையை அவ்வளவு வேகமாக ஒருவர் தயாரிக்க முடியும் என்று உத்தண்டியே எதிர்பார்க்கவில்லை.

விண்ணளந்தார் விடவில்லை. "மகாராஜாவின் தகப்பனார் காலத்தில் ஒரு நாளேனும் தடதட கேட்டதுண்டா?"

"இல்லை" என்றார் மன்னர்.

"உத்தண்டி சபைக்கு வந்தது எப்போது?"

மன்னர் யோசித்தார். பிரதானி எடுத்துக்கொடுத்தார்: "முரசுகள் கட்டி முடித்த அதே மாதம், மகாராஜா."

"அவன் வந்த பிறகு?"

"ஓயவே இல்லை!" மன்னர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு அமுங்கியது.

"அதே மாதம்தான் மகாராணியார் கொல்லையில் புடலைப் பந்தல் போட்டார்கள்," என்றான் உத்தண்டி. "அதே மாதம்தான் பிரதானியார் தலைமயிருக்குக் கறுப்புச் சாயம் பூச ஆரம்பித்தார். விசாரிப்பதானால் புடலங்காயிலிருந்து விசாரிக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. பிரதானியின் கை தன்னையறியாமல் காதோரம் போனது. விண்ணளந்தார் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்: தேவர்கள் இவனுடைய கேலியால் கோபம் கொண்டிருக்கிறார்கள். வரும் அமாவாசைக்குள் இவனை எல்லைக்கு அப்பால் புலிக்காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். புலிகள் தேவர்களுக்குத் தகவல் சொல்லிவிடும்.

"ஆகட்டும்" என்று மன்னரின் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்குத் திக்கென்றது. ஐந்தாறு பெரிய மனிதர்களை ஒன்றாக உட்கார வைத்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்துவது எவ்வளவு கொடுமை என்பது மன்னராக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உத்தண்டி இல்லாவிட்டால் பிரதானியின் பேச்சை முழுவதும் கேட்க வேண்டிவரும். ஆனால் எமன் ஏழு முறை வந்திருக்கிறானே!

மத்தியானச் சாப்பாட்டின்போது மகாராணி வடிவுடையாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"நான் ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் பட்டத்துக்கு வந்ததிலிருந்து இந்த அரண்மனை மேல் ஒரு ஓடாவது பெயர்ந்து விழுந்திருக்கிறதா?"

"இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்து ஒரேயடியாக விழப் போகிறது."

"என் பிறந்த வீட்டு ஊரில் ஏதாவது?"

"அங்கே ஒன்றுமில்லை."

"என் தங்கை ஊரில்? உங்கள் அத்தை ஊரில்? நமக்கு நெல் வருகிற ஊர்களில்?"

மன்னர் பிசைந்த கையை நிறுத்தினார். "அந்த ஊர்களிலிருந்து சத்தமே வரவில்லையே."

"ஒன்றும் நடக்காத ஊர்க்காரன் எதற்காகப் பரண் ஏறுவான்?" என்றாள் மகாராணி. "அந்தப் பிள்ளையைப் புலிக்கு அனுப்புவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுங்கள். அப்பளம் வேண்டுமா?"

மறுநாள் சபையில் மன்னர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கருணையாகவும் இருக்க வேண்டும். பயந்தது போலவும் தெரியக் கூடாது. ஆகவே வழக்கம்போலக் குரலை உயர்த்தினார்.

"உத்தண்டி! உனக்கு அமாவாசை வரை அவகாசம் தருகிறேன். என் நாடு நலமாக இருக்கிறது என்பதை நான் என் காதால் கேட்க வேண்டும். துயர் முரசைவிடப் பலமாகக் கேட்க வேண்டும். கேட்டால் உனக்கு மன்னிப்பு. கேட்காவிட்டால் வாசலில் வண்டி நிற்கும்."

பெரிய மனிதர்கள் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். நலத்தைக் காதால் கேட்பதாவது! பிரதானி கைதட்டினார். விண்ணளந்தார் மட்டும் எச்சரிக்கையான மனிதர். "ஒரு விண்ணப்பம், மகாராஜா. இவன் முரசுகளைக் கிழித்துவிட்டு, எங்கும் சத்தமில்லை, பாருங்கள் என்பான். அது கூடாது. துயர் வந்த ஊர் எதுவானாலும் அடித்தே தீர வேண்டும்."

"அப்படியே," என்றான் உத்தண்டி. "துயர் வந்த ஊர் வாய்மூட வேண்டாம். மகாராஜாவின் முத்திரை மோதிரத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள்."

மோதிரத்தை வாங்கிக்கொண்டு போனான். அன்றே குதிரைக்காரர்கள் நாலா திசையிலும் பறந்தார்கள் என்று மன்னருக்குத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்று விசாரித்தால், வெற்றிலை போடுகிறான் என்றார்கள். மறுநாள் விசாரித்தால் பாக்கு வெட்டுகிறான் என்றார்கள். விண்ணளந்தாரும் சும்மா இருக்கவில்லை. அமாவாசையன்று தடதட அடிக்கும் ஊருக்கு இரட்டைச் சால்வை என்று அவருடைய ஆட்கள் ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அமாவாசை விடிந்தது. சபை கூடியது. வாசலில் கூண்டு வண்டி பூட்டி நின்றது. உத்தண்டி கைகட்டி நின்றான். அவன் முகம் வழக்கம்போல ஒன்றும் காட்டவில்லை. ஆனால் மடித்த வெற்றிலை அன்று வாய்க்குப் போகாமல் விரலிடுக்கிலேயே வாடிக்கொண்டிருந்ததை மன்னர் பார்த்துவிட்டார். இவனுக்கும் பயம் உண்டா!

தெற்கே, தூரத்தில், தடதடதட.

"துயர், மகாராஜா!" என்று செவிநாயகம் வந்தார்.

மேற்கே தடதடதட. வடக்கே தடதடதட. விண்ணளந்தார் தாடியைத் தடவிக்கொண்டார். "வண்டிக்காரா," என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"காட்டியாச்சு சாமி!"

அப்போது கிழக்கே ஒரு சத்தம் கேட்டது.

தொம்.

ஒரே ஓர் அடி. செவிநாயகம் காதைத் திருப்பினார். இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. தொம். இன்னொன்று, கொஞ்சம் பக்கத்தில். பிறகு தொம், தொம் என்று இரண்டு திசையில். பிறகு நாலு திசையில். பிறகு திசையே இல்லாமல். வயல்களுக்கு அப்பாலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கடற்கரைத் தோப்புகளிலிருந்தும், பெயரே கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம், ஒன்றை ஒன்று வாங்கி ஒன்றுக்கு ஒன்று கொடுத்து, நாடு முழுவதும் ஒரே ராட்சத நெஞ்சுபோல அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

தொம் தொம் தொம் தொம் தொம்!

சபையின் விதானத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பல்லிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒன்று பிரதானியின் மடியில் விழுந்தது. அவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டு மயங்கினார். கொட்டாரத்தில் யானைகள் பிளிறின. பெரிய மனிதர்கள் ஆசனங்களுக்கு அடியில் புகுந்தார்கள். ஆசனங்கள் அவர்களுடைய அந்தஸ்துக்கு ஏற்ற உயரத்தில் இருந்தனவே தவிர அகலத்துக்கு ஏற்றபடி இல்லை.

"பிரளயம்!" என்று அலறினார் விண்ணளந்தார். ஓடிவந்து மன்னரின் காலைக் கட்டிக்கொண்டார். "நான் சொன்னேனே! உச்சிப்பொழுதுக்குள் பூமி பிளக்கிறது! இது ஆதிசேஷன் தலையை உதறும் சத்தம்! சந்தேகமே இல்லை, சாஸ்திரத்தில் இருக்கிறது!"

இடியஞ்சாச் சிங்கம் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றது. கிரீடம் வழுக்கிக் கண்ணை மறைத்தது. அந்த இருட்டிலிருந்து மன்னர் கத்தினார்: "உத்தண்டி! என்னடா இது? எந்த ஊர் போயிற்று? எத்தனை ஊர் போயிற்று?"

உத்தண்டி பக்கத்தில் வந்து, இரு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்:

"ஒன்றும் நடக்கவில்லை, மகாராஜா!"

"இத்தனை சத்தத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கிறேன்!"

"ஒன்றும் நடக்கவில்லை! ஒவ்வொரு அடியும் ஓர் ஊர். அந்த ஊரில் ஒன்றும் நடக்கவில்லை! அதைத்தான் அடிக்கிறார்கள்! துயர் வந்த ஊர் தடதட அடியுங்கள், ஒன்றும் நடக்காத ஊர் ஒரே ஓர் அடி அடியுங்கள் என்று மோதிரத்தோடு சொல்லியனுப்பினேன். மகாராஜாவின் நாடு நலமாக இருக்கிற சத்தம் இது!"

மன்னர் கிரீடத்தைத் தூக்கிவிட்டார். கேட்டார். தொம் தொம் தொம் தொம். கிழக்கே மகாராணியின் பிறந்த ஊர். தெற்கே அத்தை ஊர். அந்த ஊர்களெல்லாம் இத்தனை நாளும் அங்கேதான் இருந்தன. நெல் விளைந்தது, பிள்ளை பிறந்தது, சாயங்காலம் ஆடு மாடு வீடு திரும்பியது. ஒருவரும் பரண் ஏறவில்லை. அவர் காதுக்கு அந்த ஊர்கள் இல்லாமலே போயிருந்தன.

"தடதட எங்கே?" என்றார். "மூன்று திசையில் கேட்டதே?"

செவிநாயகம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் முயன்று பார்த்தார். "அடிக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன் மகாராஜா. கேட்கவில்லை."

மன்னரின் வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பியது. முதலில் அது பயம் என்றுதான் அவர் நினைத்தார். வெளியே வந்தபோது சிரிப்பாக இருந்தது. தன் காலைக் கட்டிக்கொண்டிருந்த விண்ணளந்தாரைப் பார்த்தார். "நிமித்திகரே, ஒன்றும் நடக்காததற்கா ஆதிசேஷனைக் கூப்பிட்டீர்?" என்று கேட்டுவிட்டு, சிம்மாசனத்திலேயே மடங்கி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆசனங்களுக்கு அடியிலிருந்தும் மரியாதையாகச் சிரிப்புச் சத்தம் வந்தது.

உத்தண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"மகாராஜா, எருமை நின்றுகொண்டு வந்ததே, அந்தக் கூரை யாருடையது என்று யாராவது கேட்டார்களா?"

சிரிப்பு நின்றது.

"மோதிரத்தோடு போன குதிரைக்காரன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். மலையூருக்கு மேலே கீழமடை என்று ஒரு சின்ன ஊர். கரை உடைந்தது அங்கேதான். முரசும் பரணும் முதலிலேயே போய்விட்டதால் அவர்களால் அடிக்க முடியவில்லை. அவர்கள் இன்னும் மேட்டில் கோணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே இருக்கிற ஏழு ஊருக்குச் சால்வை போயிருக்கிறது. கீழமடைக்கு ஒரு படி அரிசி போகவில்லை. வந்தது ஒரே வெள்ளம், மகாராஜா. அதையும் நாம் போய்ப் பார்க்கவில்லை."

அன்று அத்தனை சத்தத்துக்கும் அதிராத அளவுக்கு மன்னர் அதற்கு அதிர்ந்தார். பிறகு, புலிக்காட்டுக்குப் போக நின்ற கூண்டு வண்டியில் அரிசியை ஏற்றச் சொன்னார். அதன் பின்னால் இன்னும் பத்து வண்டி போகட்டும் என்றார். வண்டிக்காரன், "அப்ப ஆளு ஏறலீங்களா?" என்று உத்தண்டியைக் காட்டிக் கேட்டான். இல்லை என்றதும், புலிக்காட்டுப் பாதையைவிட மலையூர்ப் பாதை நல்ல பாதை என்று சந்தோஷமாகப் போனான்.

மன்னர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். மெலிந்த கழுத்தானதால் அது இரண்டு சுற்று வந்தது. உத்தண்டி விரலிடுக்கில் வாடிக்கிடந்த வெற்றிலையை ஒருவழியாக வாயில் போட்டுக்கொண்டான். விண்ணளந்தார் எழுந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, இன்று ஒன்றும் நடக்காது என்பதைத் தாம் மூன்று நாள் முன்பே நட்சத்திரத்தில் பார்த்துவிட்டதாகச் சொன்னார். சபை அதை ஆமோதித்தது. அவருக்கும் ஒரு சால்வை கிடைத்தது.

எல்லாம் சுபமாக முடிந்த அந்த வேளையில், மன்னர் மறுபடியும் எழுந்து நின்றார். முகத்தில் பழைய தேஜஸ். பெரிய யோசனை உதிக்கும்போது வரும் தேஜஸ் அது. உத்தண்டி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினான்.

"என்ன இனிமையான ஓசை!" என்றார் மன்னர். "இதைக் கேட்காமல் இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேனே! இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், ஒன்றும் நடக்காத ஒவ்வோர் ஊரும், ஒன்றும் நடக்கவில்லை என்பதை, இன்று முதல் பகலிலும் இரவிலும் நாழிகைக்கு ஒரு முறை முரசடித்துத் தெரிவிக்க வேண்டும்!"

பிரதானி மயக்கம் தெளிந்து கைதட்டினார்.

"மகாராஜா..." என்று ஆரம்பித்தான் உத்தண்டி. தொம் என்று ஒரு சத்தம் வந்து அவன் சொன்னதை விழுங்கிவிட்டது.

அன்று முதல் அந்த நாட்டில் ஒருவரும் தூங்கவில்லை.